ஹோஸ் மாற்ற யாரிடம் போவது? வன்னியில் வாகனம் வைத்திருப்பவருக்கு நாலு வழி

வெயில் ஏறத் தொடங்கினால் ஒரே கேள்வி பல வாயால் வருகிறது. "ரேடியேற்றர் ஹோஸ் கொஞ்சம் ஊதின மாதிரிக் கிடக்கு. இப்பவே மாத்துறதா, இன்னும் ஓடலாமா? மாத்துறதெண்டால் ஆரிட்டக் குடுக்கிறது?" கேட்கிற முக்கால்வாசிப் பேருக்கு ஹோஸின் விலை பயமில்லை, கராஜ் பில்தான் பயம். ஒரு ரப்பர்க் குழாய் மாற்றப் போன வண்டி தண்ணீர்ப் பம், தேர்மோஸ்ராற், பெல்ற் எல்லாம் மாறிப் பெரிய தொகையோடு வெளியே வருவது நடக்கிற காரியம். சிலவேளை அது உண்மையிலேயே செய்யவேண்டிய வேலை, சிலவேளை இல்லை. பணம் கொடுப்பவருக்கு எது எதுவென்று தெரியவேண்டும்.

வன்னியில் இந்தக் கேள்வி இன்னும் கனக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கை அரசு நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. நடுவில் இருந்த ஐந்து வருடமும் எல்லோரும் இருந்த வண்டியையே ஓட்டினார்கள். இறக்கிய நாளிலிருந்து மாற்றாத ரப்பர், கிறவல் ரோட்டுக் குலுக்கலையும் இஞ்சின் சூட்டையும் தாங்கிக்கொண்டு இன்னும் பல வண்டிகளில் கிடக்கிறது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஓடும் ஹோஸ் என்றால் சாமானை நீங்களே வாங்குங்கள், வேலையை ஊர் கராஜில் கூலி பேசிக் கொடுங்கள். பிறேக் ஹோஸுக்கும் ட்ராக்டரின் ஹைட்ரோலிக் ஹோஸுக்கும் இந்த விதி பொருந்தாது. ஏன் என்று கீழே வருகிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது, வெடித்தால் எங்கே நிற்பீர்கள் என்பது. கிளிநொச்சி பட்டணத்துக்குள் மட்டும் ஓடும் ஓட்டோவுக்கும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு மீன் ஏற்றப் போகும் வாகனத்துக்கும் ஒரே கணக்குப் போட முடியாது. ஏ9 இல் நின்றால் கை காட்ட ஒரு பஸ்ஸாவது வரும். நெடுங்கேணிப் பக்கக் காட்டுரோட்டில் பொழுதுபட்ட பிறகு நின்றால் யானைப் பயமும் சேரும். பூநகரியிலிருந்து மன்னார் போகும் ஏ32 இலும் கராஜ் தேட நெடுந்தூரம் போகவேண்டும்.

இரண்டாவது, சாமான் கைக்கு வர எத்தனை நாள். வவுனியாவில் எடுக்கலாமா, அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொல்ல வேண்டுமா?

மூன்றாவது, வண்டி நிற்கிற நாளுக்கு என்ன நட்டம். காலபோக அறுப்பு நேரம் ட்ராக்டர் இரண்டு நாள் நின்றால் போகிற உழைப்பு, ஹோஸின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

நாலாவது, மொத்தச் செலவு. ஹோஸ், கிளிப், கூலன்ற் (இஞ்சின் சூட்டை ஆற்ற ரேடியேற்றருக்குள் விடும் திரவம்), கூலி, போய்வந்த எண்ணெய்ச் செலவு எல்லாம் சேர்ந்த தொகை.

ஐந்தாவது மற்ற நாலையும் வெட்டிப்போடும்: பிழைத்தால் ஆளுக்கு ஆபத்தா?

## யாரிடமும் போக முதல் நீங்கள் பார்க்கவேண்டியது

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ண முதல் பார்ப்பதே நல்லது. ரேடியேற்றரின் மேல் ஹோஸின் நடுப்பகுதியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அமத்துங்கள். பிறகு கிளிப்புக்கு இரண்டு விரற்கடை தள்ளி அமத்துங்கள். நல்ல ஹோஸ் இரண்டு இடத்திலும் ஒரேமாதிரி இறுக்கமாக இருந்து, விட்டதும் பழைய வடிவுக்கு வரும். நடுவில் இறுக்கமும் முனையில் பழுத்த வாழைப்பழம் போல மெத்தென்ற தன்மையும் இருந்தால், அது உள்ளுக்குள் கிழிந்துவிட்டது.

இது பலருக்குத் தெரியாத விசயம். கூலன்ற் ஹோஸ் பெரும்பாலும் வெளியிலிருந்து பழுதாவதில்லை. இஞ்சினின் உலோகத்துக்கும் கூலன்றுக்கும் இடையில் நடக்கும் மின்வேதித் தாக்கம், உள்பக்க ரப்பரில் மயிரிழை வெடிப்புகளை நீளவாக்கில் உண்டாக்குகிறது. அவை குழாய்முனைகளுக்குக் கிட்டத்தான் அதிகம். அந்த வெடிப்பால் தண்ணீர் உள்ளே ஊறி, ரப்பருக்குள் இருக்கிற நூல் வலையை அழுக வைக்கும். வெளியே கறுப்பாய், மினுக்கமாய், புதிதுபோல இருக்கும். கழற்றிய பழைய ஹோஸை ஒருமுறை பிளேட்டால் நீளத்துக்குப் பிளந்து பாருங்கள். பிளந்ததை வெளிப்பக்கமாக வளைத்தால் உள்தோலில் கோடு கோடாக வாய் திறக்கும்.

வேறு அடையாளங்களும் உண்டு. கிளிப்பைச் சுற்றிக் காய்ந்த வெள்ளை அல்லது பச்சைப் படை கசிவைக் காட்டும். எண்ணெய் பட்ட இடம் வீங்கி ஒட்டுப்பிசினாக இருந்தால் அந்த ஹோஸ் போய்விட்டது, ஏனென்றால் கூலன்ற் ஹோஸ் செய்யும் ஈ.பி.டி.எம். ரப்பர் சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது. நெல் அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் வண்டி விடுபவர்கள் எலி கடித்த தடயத்தையும் தேடுங்கள்.

## வழி 1: வெடித்த பிறகு பார்ப்போம்

இது ஒரு முடிவு என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் கூடுதலானோர் எடுக்கிற முடிவு இதுதான்.

இன்றைய செலவு பூச்சியம். மறைந்திருக்கும் செலவு இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் இருக்கிறது. ஹோஸ் வெடித்துக் கூலன்ற் போன இஞ்சினை "கிட்டத்தானே, வீட்டை போயிடலாம்" என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளையும், அதன் கீழே கசிவைத் தடுக்கும் கஸ்கெற் எரியும். பிறகு ஹெட்டைக் கழற்றி, லேத்தில் முகம் சீவி, கஸ்கெற் செற் போட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். ஒரு ஹோஸோடு முடிந்திருக்க வேண்டியது இஞ்சின் வேலையாக மாறுகிறது.

வெப்பமானி முள்ளை நம்பியும் ஓட்ட முடியாது. சூட்டை அறியும் சென்சர் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் அது காற்றில் நிற்கிறது. முள் கீழே இறங்கியும் விடும். முள் ஏறிப் பிறகு திடீரென்று விழுந்தால் "ஆறிவிட்டது" என்று நினைக்காமல் உடனே ஓரங்கட்டி இஞ்சினை நிற்பாட்டுங்கள்.

கட்டி இழுக்கிற செலவும் இதற்குள் வரும். ஓட்டோ கியர் வண்டியை ஓட்டும் சில்லு நிலத்தில் படக் கட்டி இழுத்தால் கியர்ப்பெட்டியும் போகலாம். தூக்கி ஏற்றும் வாகனம் பிடிக்க வேண்டிவரும்.

இந்த வழி எப்போது சரி? பட்டணத்துக்குள், கராஜுக்குக் கிட்ட, ஹோஸ் மேலே சொன்ன சோதனையில் நல்லதாக இருக்கும்போது மட்டும். அப்போதும் அதற்குப் பெயர் "பார்த்துக்கொண்டு ஓடுவது".

## வழி 2: சொந்தக் கையால்

மேல் ஹோஸ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிற வண்டிக்கு இது கடினமான வேலையே இல்லை. கூலி மிச்சம், கூலன்ற் என்ன விட்டோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் சாமான் இல்லாமல் இஞ்சினை ஓட வைத்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் அவரை மேற்பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு மறைந்திருக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பழைய ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் கழுத்து. ஹோஸை இழுத்துக் கழற்றப் போனால் கழுத்து உடைந்து கையோடு வரும், பிறகு ரேடியேற்றரே வாங்க வேண்டும். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை முதலில் முறுக்கி அசையுங்கள். அசையாவிட்டால் பிளேட்டால் நீளத்துக்குக் கீறி உரியுங்கள். எப்படியும் எறியப்போகிற ஹோஸ்தானே.

இரண்டாவது, கிளிப். திருகு கிளிப்பை "இன்னும் கொஞ்சம்" என்று இறுக்கினால் பட்டி ரப்பரை வெட்டும். பல ஜப்பான் வண்டிகளில் வரும் வில் கிளிப் சூட்டுக்கும் குளிருக்கும் தானே விரிந்து சுருங்கும். அது பழுதாகாவிட்டால் அதையே திரும்பப் போடுங்கள்.

மூன்றாவது, காற்று. தண்ணீர் நிரப்பி மூடியை உடனே பூட்டினால் உள்ளே காற்றுப் பை நிற்கும், புது ஹோஸோடும் வண்டி சூடேறும். ஹீற்றர் இருந்தால் அதைச் சூட்டுப் பக்கம் திறந்து, மூடி இல்லாமல் இஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை இடைக்கிடை அமத்திக் குமிழி நிற்கும்வரை பாருங்கள். மூடி திறப்பது இஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும். அமுக்கத்தில் இருக்கிற கூலன்ற் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், திறந்த கணத்தில் முகத்துக்குச் சீறும்.

கிணற்றுத் தண்ணீரை விடவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் கேத்திலின் அடியில் பிடிக்கிற அதே வெள்ளைப் படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கும். கலந்து விற்கும் கூலன்ற் வாங்குங்கள், அல்லது செறிவான கூலன்றை பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலவுங்கள். குளிர் இல்லாத நாட்டில் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை ஏற்றுவதும் அதன் வேலை. சிறிய காருக்கு 4 லீற்றருக்குக் கிட்டவும், டீசல் வானுக்கு அதைப்போல இரண்டு மடங்கும் பிடிக்கும் என்று வைத்துக் காசு ஒதுக்குங்கள்.

ஹைபிரிட் வண்டிக்கு இந்த வழி வேண்டாம். இன்வேற்றருக்குத் தனிக் கூலன்ற் சுற்று இருக்கிறது, பக்கத்தில் செம்மஞ்சள் நிற உயர்மின் வயரும் ஓடுகிறது.

## வழி 3: சாமான் உங்களுடையது, கூலி ஊர் கராஜுக்கு

விசுவமடுவிலோ புளியங்குளத்திலோ, தெரிந்த ஒருவர் தகரக் கொட்டிலின் கீழ் நடத்தும் கராஜ். அவருடைய பேரும் ஊருக்குள்தான் இருக்கிறது. நாளைக்குக் கோயிலில் உங்களைக் காணவேண்டியவர், பிழையான வேலையை மறைத்துவிட்டுப் போக முடியாது. இந்த ஒரு காரணமே எனக்குப் பெரிது.

சாமான் வாங்குவதில்தான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். கடைக்குச் செசி நம்பரையும் இஞ்சின் மொடலையும் கொண்டுபோங்கள். பழைய ஹோஸைப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு முனையின் விட்டமும் வளைவும் தெரியவேண்டும். ஒரே பெயர் உள்ள வானுக்கே இஞ்சின் மாறினால் ஹோஸ் மாறும். பிழையான ஹோஸை வவுனியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோகிற பயணத்தோடு இலாபம் போய்விடும்.

எதை வாங்குவது? வளைவோடு வார்த்த ஹோஸ் உங்கள் மொடலுக்குக் கிடைத்தால் அதுதான். கொம்பனிப் பெட்டி விலை கூட என்றால், பேர் தெரிந்த மாற்றுத் தயாரிப்புப் போதும். கூலன்ற் ஹோஸுக்குக் கொம்பனிச் சாமானே வேண்டும் என்று நான் அடம்பிடிக்க மாட்டேன். நேர்க் குழாயை வெட்டி வளைத்துப் போடுவது தற்காலிகம்: வளைவில் மடிந்து ஓட்டத்தை அடைக்கும். கீழ் ஹோஸில் பம் உறிஞ்சும்போது குழாய் ஒட்டாமல் இருக்கச் சில வண்டிகளில் உள்ளே கம்பிச் சுருள் வரும். பழையதில் சுருள் இருந்தால் புதியதிலும் இருக்கவேண்டும். பாவித்த ஹோஸ் எந்த விலைக்கும் வேண்டாம். அதன் உள்தோலை நீங்கள் பார்க்க முடியாது.

வாங்கும்போது ரேடியேற்றர் மூடியும் ஒன்று எடுங்கள். சிறு காசு. பழைய மூடியில் 0.9 என்றிருந்தால் 0.9 தான், கூடின அமுக்கம் கேட்டு வாங்கினால் பழைய குழாய்களுக்கு ஆபத்து.

இந்த வழியில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று: சாமான் உங்களுடையது என்றால், அது ஒரு மாதத்தில் கசிந்தால் கராஜ்காரர் பொறுப்பெடுக்க மாட்டார். கடைப் பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கவேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தரவேண்டும். தராவிட்டால் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

## வழி 4: பட்டணத்துப் பெரிய கராஜில் ஒப்படைப்பது

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வண்டி தூக்கும் மெசின், கணினிச் சோதனை எல்லாம் உள்ள இடம். சாமானும் வேலையும் அவர்களுடையது, பிழைத்தால் கேட்க ஒரே இடம். ஹைபிரிட், ஏசிக் குழாய், இன்னும் உத்தரவாதத்தில் இருக்கும் வண்டி எல்லாவற்றுக்கும் இதுதான் சரி.

செலவு கூட. போய்வரும் நாளும் போகும். எதிர்பாராத பில்லும் இங்கேதான் அதிகம் பிறக்கிறது, ஏனென்றால் நீங்கள் வெளியே கதிரையில் இருக்கிறீர்கள், வண்டி உள்ளே நிற்கிறது. "எல்லாத்தையும் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தால் எல்லாவற்றையும்தான் பார்ப்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | வெடித்த பிறகு | சொந்தக் கை | ஊர் கராஜ் | பெரிய கராஜ் |
|---|---|---|---|---|
| இன்று போகும் காசு | இல்லை | சாமான் மட்டும் | சாமானும் கூலியும் | எல்லாவற்றிலும் கூட |
| ஒளிந்திருக்கும் செலவு | ஹெட் வேலை, கட்டி இழுத்தல் | உடைந்த கழுத்து, காற்று நிற்றல் | பிழைச் சாமான், பொறுப்பு யாருக்கு | கேட்காத வேலைகள் |
| வண்டி நிற்கும் நேரம் | சொல்ல முடியாது | அரை நாள் | அரை நாள், சாமான் கையில் இருந்தால் | ஒரு நாளுக்கு மேலும் |
| யாருக்கு | கராஜுக்குக் கிட்ட ஓடுபவர் | பழைய, எளிய இஞ்சின் | பெரும்பாலானோர் | ஹைபிரிட், உத்தரவாத வண்டி |
| பிறேக் ஹோஸ் | கூடவே கூடாது | வேண்டாம் | தேர்ந்த கை என்றால் | ஆம் |

## தெரிவு குறுகிவிடும் ஹோஸ்கள்

பிறேக். ஒருவர் மிதியை அமத்த, மற்றவர் சில்லுப் பக்கம் பாருங்கள். ஹோஸ் ஊதினால் வண்டியை அந்த இடத்தை விட்டு எடுக்காதீர்கள். மிதியை விட்ட பிறகும் ஒரு சில்லு இறுகிச் சூடேறினால் ஹோஸின் உள்பக்கம் அடைத்திருக்கலாம். அதையும் கலிப்பரையும் பார்த்துவிட்டுச் சாமான் வாங்குங்கள். ஒரு பக்கம் போனால் அதே அச்சில் மற்றப் பக்கமும் மாற்றுவது நியாயமான வேலை, அதை ஏமாற்று என்று நினைக்கவேண்டாம். பிறேக் ஒயிலைத் திறந்து நாள்பட்ட போத்தலிலிருந்து விட அனுமதிக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.

எரிபொருள். மோட்டார் சைக்கிள் தொடக்கம் எல்லாவற்றுக்கும் உரியது இது. கூலன்ற் ஹோஸ் துண்டைப் பெற்றோலுக்குப் போட்டால் ரப்பர் கரைந்து ஊதும். இஞ்செக்சன் வண்டிக்கு அதன் அமுக்கம் தாங்கும் வகை வேண்டும்: 30 ஆர் 9 (30R9) என்று ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும். கார்பரேற்றர் வண்டிக்குரிய 30 ஆர் 7 அதற்குப் பொருந்தாது.

ட்ராக்டரின் ஹைட்ரோலிக். இதற்குக் கராஜ் தேவையில்லை, முனையை மெசினில் அமத்தித் தரும் ஹோஸ் கடை தேவை. பழைய ஹோஸை முனையோடு கழற்றிக்கொண்டு போங்கள். ஒரு கம்பி வலையா, இரண்டா என்று மேலே எழுதியிருக்கும்: 100 ஆர் 1 (100R1) என்றால் ஒன்று, 100 ஆர் 2 (100R2) என்றால் இரண்டு. இரண்டுக்குப் பதில் ஒன்றைப் போட்டு மிச்சம்பிடிக்காதீர்கள். கசிவை ஒருபோதும் கையால் தடவித் தேடவேண்டாம். ஊசித்துளையால் சீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும், கையையே இழக்க வேண்டிவரும். அப்படிப் பட்டால் நோவில்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கசிவு தேட ஒரு மட்டைத் துண்டு போதும்.

## வண்டியை ஒப்படைக்கும்போது

பில் எகிறாமல் இருப்பது அந்த முதல் ஐந்து நிமிடப் பேச்சில் தங்கியிருக்கிறது. இப்படிச் சொல்லலாம்:

"அண்ணை, மேல் ஹோசும் கீழ் ஹோசும் மட்டும். கூலி எவ்வளவு எண்டு இப்பவே சொல்லுங்கோ. வேற ஏதும் பிழை கண்டால் கை வைக்க முதல் எனக்கு ஒரு கோல் எடுங்கோ. கழட்டின சாமான் எல்லாம் எனக்கு வேணும். ரேடியேற்றர்க் கழுத்து பழசு, உடைஞ்சால் என்ன செய்யிறது எண்டதையும் கதைச்சு வைப்பம்."

இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நேர்மையான மெக்கானிக்குக்கும் இது நிம்மதி. தொகையைக் கொப்பித் தாளில் எழுதி இருவரும் படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

"தண்ணீர்ப் பம்மும் போச்சு" என்று கோல் வந்தால் காட்டச் சொல்லுங்கள். பம்மின் அடியில் ஒரு சிறு துவாரம் உண்டு. அதிலிருந்து கூலன்ற் வடிந்த கறை இருந்தாலோ, பெல்ற் கழற்றிய நிலையில் பம்மின் கப்பியைப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தாலோ, அவர் சொல்வது சரி. கூலன்ற் இறக்கிய நேரத்திலேயே மாற்றினால் பிறகு ஒருமுறை இறக்கி நிரப்பும் செலவு மிச்சம். தேர்மோஸ்ராறும் அப்படியே: விலை குறைவு, வண்டி பழசு என்றால் சம்மதியுங்கள். கறையும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால் "அடுத்த முறை பாப்பம், அண்ணை" என்று சொல்லிவிடலாம்.

வேலை முடிந்ததும் காசு கொடுக்க முதல் இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்து கிளிப்புகளின் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். ஆறிய பிறகு, அடுத்த நாள் காலை, மேலதிகத் தொட்டியில் கூலன்ற் மட்டம் இறங்கியிருக்கலாம். உள்ளே நின்ற காற்று வெளியேறிய இடத்தை நிரப்பியதால் அது. அதே கூலன்றை ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாம் நாளும் இறங்கினால் வண்டியைத் திரும்பக் கராஜுக்குக் கொண்டுபோகலாம், அந்தப் பயணத்துக்குக் கூலி கொடுக்கத் தேவையில்லை.